படம் பறிகொடுத்தோர் கேட்கிறார்கள்

ஒரு குடும்பத்தின் சுவரிலே தொங்கும் நிழற்படம் ஆடம்பரமா, அவசியமா?

கொழும்பிலே கறுவாத்தோட்டத்து மாளிகையொன்றின் விறாந்தையில் அமர்ந்து இக்கேள்வியைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். அங்கே பாட்டனின் படம் உண்டு. பாட்டனுக்குப் பாட்டனின் படமும் உண்டு. பொன்முலாம் பூசிய சட்டத்துக்குள்ளே அவர்கள் மிடுக்கோடு வீற்றிருக்கிறார்கள். எல்லாம் இருப்பவனுக்கு எதுவும் ஆடம்பரமாகவே தோன்றும். ஆதலால், இக்கேள்வியைப் பாலாவியில் நின்று கேட்க வேண்டும் என்கிறோம் நாம்.

புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு நெடுஞ்சாலையிலிருந்து கற்பிட்டி வீதி பிரிகின்ற இடம் பாலாவி. ஒரு புறம் களப்பு, களப்போரம் உப்பளங்கள். மறு புறம் சீமெந்துத் தொழிற்சாலை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் போகின்றவர்களும், கற்பிட்டிக் கடற்கரையில் களித்துத் திரும்ப வருகின்ற உல்லாசப் பயணிகளும் இச்சந்தியைக் கடந்தே செல்கின்றனர். உப்பளத்தின் வெண்மையும் அந்தி வானத்தின் செம்மையும் அவர்களுடைய கமராக்களில் அடங்கிவிடுகின்றன. ஆனால், இச்சந்தியைச் சூழ்ந்த குடியிருப்புகளிலே, 1990 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் உண்டென்பதை அவர்கள் அறியார். நம்மவர்தாம் அறிவரோ? அறிந்தும் பேசார்!

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மாதத்தின் நடுப்பகுதியில் சாவகச்சேரி, பின்னர் மன்னார், 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரம். நகரத்திலே கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்! ஒலிபெருக்கி அழைத்தது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் மக்கள் கூடினார்கள். துப்பாக்கியின் முன்னே கட்டளையைக் கேட்டார்கள். இடத்துக்கு இடம் வேறுபட்ட சிறு தொகைப் பணமும் மாற்றுடுப்பும் கொண்டுபோக அனுமதி. அணிந்திருந்த நகை கழற்றப்பட்டது. கையிலிருந்த பை கிளறப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் லொறியிலும் படகிலும் கால்நடையாகவும் வெளியேறினர். மன்னார்த் தீவின் மக்கள் பலர் கடல் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஏனையோர் வவுனியா வழியே புத்தளம் வந்து சேர்ந்தனர். புத்தளத்து மக்கள் சோறு கொடுத்தார்கள், தென்னந்தோப்புகளில் இடமும் கொடுத்தார்கள். கிடுகுக் குடிசைகள் எழுந்தன. ஓரிரு மாதத்துக்கென்று எழுந்த குடிசைகள், ஆண்டுக்கணக்கில் நின்றன.

இரண்டு மணி நேரத்திலே ஒரு தாய் எதை எடுப்பாள்? பிள்ளையை எடுப்பாள். பால்மாவை எடுப்பாள். கைக்கு அகப்பட்டால் காணி உறுதியை எடுப்பாள். சுவரிலே ஆணியில் தொங்கிய கலியாணப் படத்தைக் கழற்ற அவளுக்குத் தோன்றியிருக்குமா? தோன்றினாலும் விட்டிருப்பாள். சில நாளிலே திரும்பிவிடலாம் என்றல்லவா கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்!

ஆண்டுகள் 35 கடந்துவிட்டன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், அது அரசியல் தவறு எனப் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். 2007 இல் உலக வங்கியின் கடனோடு புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கு வீடமைப்புத் திட்டம் வந்தது. 2009 இல் போர் முடிந்தபின் மீள்குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்தது. அரைகுறையாகச் சில காரியமும் நடந்தது. வீடு, காணி, கடை, நகை, கால்நடை ஆகியவற்றுக்கெல்லாம் இழப்புப் பட்டியல்களில் நிரல் உண்டு. படத்துக்கென ஒரு நிரல் வகுத்தவர் எவர்? "உம் வீட்டுச் சுவரில் எத்தனை முகங்கள் இருந்தன?" என்று எந்த அதிகாரி கேட்டார்?

"உயிர் தப்பியதே பெரிது, படம் என்ன பெரிய காரியம்?" என்று இடையிலே புகுந்து கேட்கும் அறிவாளிகள் உளர். அவர்களைக் கேட்கிறோம்: இடிந்த வீட்டை மறுபடி கட்டலாமா, கூடாதா? கட்டலாம். பறிபோன பொன்னை மறுபடி வாங்கலாமா? வாங்கலாம், வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, பத்து ஆண்டில் வாங்கலாம். காடேறிய காணியையும் வெட்டித் திருத்தலாம். 1985 இல் மறைந்த ஒரு தந்தையின் முகத்தை எந்த வங்கி கடன் கொடுத்து மீட்டுத் தரும்? இழந்தவற்றுள்ளே மீட்க முடியாதது எதுவோ, அதுவே பட்டியலில் ஏறாமற்போனது. இதைச் சிறு காரியம் என்பவர், தம் வீட்டுச் சுவரிலுள்ள படங்களை இன்று மாலை கழற்றி அடுப்பிலிட்டுவிட்டு, நாளைக் காலை நம்மோடு வாதிட வரட்டும்.

முகம் மறப்பது மெல்ல நிகழும் காரியம். முதலில் குரல் மறக்கும். பின்பு நடை மறக்கும். கண்ணை மூடினால் முழு முகமாக வந்துகொண்டிருந்தது, பின்னர் தாடியாகவும் தொப்பியாகவும் சிரிப்பாகவும் துண்டு துண்டாக வரும். வெளியேற்றத்தின்போது இரண்டு வயதாயிருந்த பிள்ளை இன்று நரை காணும் வயதில் இருக்கிறான். அவன் தன் வாப்பாவின் வாப்பாவைக் கண்டதில்லை. "உன் மகனுக்கு அவருடைய நெற்றி" என்று முதியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறான். எந்த நெற்றி? ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லை. சொல்லும் முதியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எரிந்த நூலகமும் எரியாத மனமும்

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றுள் மறுபடி கிடைக்காத ஏடுகளும் இருந்தன என்பதாலேயே அந்தத் தீ இன்னும் சுடுகிறது. ஆனால், அச்சிட்ட நூலுக்கு வேறு ஊரிலே வேறு பிரதி இருக்கலாம். குடும்பப் படங்களை ஒட்டி வைத்த அல்பம் ஒற்றைப் பிரதி நூலகம். நூலகம் எரிந்து ஒன்பது ஆண்டுகளில், அதே நகரத்தில், அந்நூலகத்துக்குத் தொலைவிலல்லாத சோனகத் தெருவிலே, வீட்டுக்கு வீடு இருந்த ஒற்றைப் பிரதி நூலகங்கள் அழிந்தனவே! அதற்கு எத்தனை கவிதை எழுதினோம்? எத்தனை நினைவுநாள் கொண்டாடினோம்?

"தமிழ் பேசும் மக்கள்" என்ற அருந்தொடரை மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். வடக்கையும் கிழக்கையும் முஸ்லிம் சகோதரரையும் ஒரே குடையின்கீழ் காட்டிய தொடர் அது. அந்தக் குடையிலிருந்து எழுபதாயிரம் தமிழ் பேசும் மக்கள் மழையிலே தள்ளப்பட்டபோது குடை பிடித்த கைகள் எங்கே போயின? குடிமக்கள் ஆணைக்குழுவொன்று பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டி 2011 இல் அறிக்கை வெளியிட்டது, அதைப் பாராட்டுகிறோம். அதைப் படித்த தமிழ்த் தலைவர் எத்தனை பேர் என எண்ண ஒரு கையின் விரல்கள் போதுமோ என அஞ்சுகிறோம். "பழையதைக் கிளறாதீர்" என்பது அவர்களின் மறுமொழி. பழையதைக் கிளறாதே என்று சொல்லும் உரிமை, தன் பழையதைப் பத்திரமாய் அலமாரியில் வைத்திருப்பவனுக்குக் கிடையாது.

படம் இல்லாமையால் வருவது மனத்துயரம் மட்டுமன்று. மன்னார் மாவட்டத்தின் தென் கோடியிலே, வில்பத்துக் காட்டின் வட எல்லையோரம், மறிச்சுக்கட்டி என்னும் ஊர் உண்டு. 1990 இல் அவ்வூர் மக்களும் விரட்டப்பட்டனர். ஆளில்லாத ஊரிலே இரு பத்தாண்டுகளுக்கு மேல் மரம் வளர்ந்தது. 2012 இல் அப்பகுதியின் பெரும் பரப்பு வர்த்தமானி மூலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. மக்கள் திரும்பியபோது, "காட்டை அழிக்க வந்தவர்கள்" என்ற கூக்குரல் கொழும்பிலே எழுந்தது. 2015 இல் அது பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பெரும் புயலாயிற்று. 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மொஸ்கோ நகரில் இருந்தபடியே இன்னொரு பிரகடனத்தில் ஒப்பமிட்டார். எந்தப் பேர்ச்சஸ் காடு, எந்தப் பேர்ச்சஸ் வளவு என்னும் வழக்கிற்குள் நாம் இங்கே புகவில்லை. நீதிமன்றங்கள் உண்டு, அவை பார்க்கும். நாம் காண்பது வேறொன்று. ஒரு தரப்பிடம் வானத்திலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. மறு தரப்பிடம் வாய்ச்சொல் இருந்தது. கிணற்றடியில் நின்ற மணமகன், பள்ளிவாசல் முற்றத்தில் கூடிய உறவினர், தெருவோரம் சைக்கிளோடு நின்ற வாலிபர்: இப்படி 1980 களில் எடுத்த பத்துப் படங்கள் ஊரார் கையிலே இருந்திருந்தால், காட்டிலே கிணறு எப்படி வந்தது என்று கொழும்பார் ஒருமுறையாவது யோசித்திருப்பர். வல்லவனுடைய கமரா வானத்திலே; எளியவனுடைய கமரா கலியாண வீட்டிலே. முன்னது பிழைத்தது, பின்னது தொலைந்தது.

கமரா யாருடைய கையில்?

1839 இல் பாரிஸ் நகரிலே டாகேர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கமரா இலங்கைக்கு வந்துவிட்டது. யாருக்காக வந்தது? ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் 1890 இல் தோன்றிய பிளாற்றே ஆகிய நிலையங்கள், தோட்டத் துரைமாருக்கும் கப்பலில் வந்து போகும் வெள்ளையருக்கும் படம் எடுத்து விற்றன. "தமிழ்ப் பெண்", "சோனகன்", "கூலியாள்" என்று தலைப்பிட்டுப் பட்டாம்பூச்சியைக் குத்தி வைப்பதுபோல் நம் முன்னோரைப் பெட்டியில் அடுக்கினர். முகம் இருந்தது, பெயர் இல்லை. ஆங்கிலேயப் பெண்மணி ஜூலியா மார்கரெட் கமரன், நிழற்படக் கலையின் மேதைகளுள் ஒருவர் என இன்று உலகம் போற்றுபவர், 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தார். தோட்டத்தில் உழைத்த தமிழரை அவர் எடுத்த படங்கள் இன்று பெருங் காட்சிச்சாலைகளில் உள்ளன. கலையழகு மிக்க படங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால், அப்படங்களில் இருக்கும் பெண்ணின் பேரப்பிள்ளைக்கு, அது தன் பாட்டி என்று தெரியுமா? லண்டனுக்குப் போன முகம் லயத்துக்குத் திரும்பவில்லை.

அடுத்தது அரசாங்கத்தின் கமரா. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின்கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. இம்முறை முகத்தோடு பெயரும் கேட்டனர், இலக்கமும் இட்டனர். போர்க்காலத்தில் அந்த அட்டையின் சிறு படத்தைக் கையில் ஏந்தி, "நான் நானேதான்" என்று எத்தனை சோதனைச் சாவடியில் எத்தனை இளைஞர் நிரூபிக்க நேர்ந்தது! அட்டையிலே சிரிக்கக் கூடாது. தலையைச் சாய்க்கக் கூடாது. ஆளும் கண் நம்மைப் பார்த்த படம் அது.

இவ்விரண்டுக்கும் நடுவிலே, நம்முடைய சொந்த விருப்பத்தால், சொந்தக் காசால், நாமே போய் நின்று எடுப்பித்த படம் ஒன்று உண்டு. சந்தி ஸ்ரூடியோவின் படம்! பின்னால் தீட்டிய திரையிலே பூங்காவும் மாடிப்படியும். பக்கத்தில் காகிதப் பூச்சாடி. கைக்கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை ஓர் அங்குலம் மேலே தள்ளிவிட்ட இளைஞன். புதுச் சட்டையின் மடிப்புக் குலையாமல் மூச்சை அடக்கி நிற்கும் சிறுவன். சபையோர் இதைக் கண்டு நகைப்பர். நாம் நகைக்கவில்லை. தன்னை எப்படிக் காண வேண்டும் என்று ஓர் ஏழை தானே தீர்மானித்த ஒரே ஆவணம் அது. அவன் வரலாறு எழுதவில்லை, கல்வெட்டு வெட்டவில்லை, மேடையில் பேசவில்லை. பெருநாளுக்கு முதல்நாள் குடும்பத்தோடு போய்க் கமராவின் முன் நின்றான். அவ்வளவுதான் அவன் வருங்காலத்துக்கு விட்டுச் சென்றது. அதைத்தான் 1990 பறித்தது.

ஆகையால், எஞ்சியிருப்பவை எங்கே என்று தேடும் கடமை நமக்கு உண்டு. எல்லாம் அழிந்துவிடவில்லை. படம் ஊர் சுற்றும் இயல்புடையது. 1970 களின் இறுதி தொடங்கி வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போன கணவருக்கும் மகனுக்கும் தபாலிலே படங்கள் போயின. (அங்கேயும் விதி விட்டபாடில்லை, 1990 ஓகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது, அங்கிருந்த இலங்கைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கைப்பையோடு ஓடிவந்தனர். ஆனால் அவர்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை ஆணைக்குழு அமைத்து இழப்பீடு வழங்கியது. இரண்டு மாதம் கழித்து விரட்டப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு சபையும் இல்லை.) கொழும்பு, கண்டி, கல்முனை உறவினர் வீடுகளிலே கலியாணப் படத்தின் இன்னொரு பிரதி இருக்கலாம். அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் அல்பத்திலே, பூப்பு நீராட்டு விழாவுக்கு வந்து ஓரத்தில் நிற்கும் முஸ்லிம் தோழியின் முகம் இருக்கலாம். அந்தத் தமிழ்க் குடும்பமும் கனடாவுக்கோ லண்டனுக்கோ போயிருக்கலாம். பாடசாலைக் குழுப் படத்தின் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யாரென்று, பக்கத்தில் நின்றவர் இன்னும் சொல்லக்கூடும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் யாழ்ப்பாணத்தவரே, மன்னாரவரே! உங்கள் பழைய அல்பத்தை ஒருமுறை புரட்டுங்கள். ஓரத்தில் நிற்பவர் யார் என்று பாருங்கள். மன்னிப்புக் கேட்க அறிக்கை எழுதிச் சொல் தேடித் தடுமாறுவோர், அந்த ஒரு படத்தைப் பிரதியெடுத்துப் பாலாவிக்கு அனுப்பட்டும்.

இது நடவாத காரியமன்று. 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்கைக் கடல் விழுங்கியபோது, சேற்றிலிருந்து பல இலட்சம் குடும்பப் படங்களைப் பொறுக்கியெடுத்துத் தொண்டர்கள் கழுவினர், உலர்த்தினர், உரியவர் வந்து தேடிக்கொள்ளும்படி மண்டபங்களில் அடுக்கி வைத்தனர். தமிழ்நாட்டிலே, பழைய நிழற்பட நிலையங்களின் படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தேடித் தொகுத்து மின்வடிவில் காக்கும் பணியைச் செய்தனர். பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணை நின்றது. நம்மிடையே 2005 இல் தோன்றிய நூலகம் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலட்சக்கணக்கான பக்கங்களாகக் காத்து வருகிறது. கருவி உண்டு, ஆள் உண்டு, வழியும் உண்டு. இல்லாதது எண்ணம்!

மறுப்போருக்கு

"இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி, நாளுக்கு நூறு படம், படத்துக்கா பஞ்சம்?" என்பது ஒரு வாதம். கடலோரத்தில் இருப்பவனுக்குத் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்பது போன்றது இது. நூறு படம் எடுத்தவன் ஒன்றைக்கூடத் திரும்பப் பார்ப்பதில்லை. தொலைபேசி களப்பில் விழுந்தால், கடவுச்சொல் மறந்தால், கடன்காரன் பறித்தால், ஒரு குடும்பத்தின் பத்தாண்டுகள் போயின. எடுத்தவன் யார், இருப்பவர் யார், எந்த ஊர் என்ற குறிப்பும் அதில் இல்லை. நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கும் முகம் இருக்கும், பெயர் இராது. ஸ்கோவன் காலத்துக்கே திரும்பிப் போவோம், நம் சொந்தச் செலவில்!

இரண்டாவது வாதம் மார்க்கத்தின் பெயரால் வருவது. இதை நாம் மரியாதையோடு அணுகுகிறோம். உருவப் படம் பற்றி இஸ்லாமிய அறிஞரிடையே கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல் முதீஈ, கமராப் படம் கையால் உருவம் சமைப்பதன்று, விழுந்த நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று விளக்கி, அதை அனுமதித்து நூலே எழுதினார். அதை ஏற்காத அறிஞரும் உளர். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. எனினும் ஹஜ்ஜுக்குப் போகும் கடவுச்சீட்டிலே படம் இருக்கிறது. அடையாள அட்டையிலே இருக்கிறது. தேவை கருதி அதை ஏற்கிறோம். விரட்டப்பட்ட ஒரு சமூகம் தன் இருப்பை நிரூபிப்பது தேவையில்லையா என்பதை ஆலிம்களே எண்ணிப் பார்க்கட்டும். சுவரில் மாட்ட விரும்பாதவர் பெட்டியில் வைக்கலாம். பெண்களின் படம் பிறர் கண்ணில் படக் கூடாதென்பவர், அதைக் குடும்பத்தாரே திறக்கக்கூடியதாகக் காக்கலாம். தொகுப்பவர் எவராயினும், கேளாமல் எடுப்பதும் கேளாமல் வெளியிடுவதும் கூடாது.

மூன்றாவது வாதம், "படம் பார்த்து அழுவதால் ஆவதென்ன?" என்பது. இதற்கு நாம் விடை சொல்லத் தேவையில்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் குந்தியிருந்து, காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்த தாய்மாரைக் கேளுங்கள். சட்டத்தரணி இல்லாத, சாட்சி இல்லாத, உடலும் இல்லாத வழக்கிலே அவர்களிடம் இருந்த ஒரே சான்று அந்தப் படம். பாலாவியைக் கடந்து செல்லும் இதே கொழும்பு நெடுஞ்சாலை ஊடறுக்கும் சீதுவைப் பகுதியிலே, ரத்தொலுவையில், 1980 களின் இறுதியில் காணாமற்போன சிங்கள இளைஞரின் படங்கள் பதித்த நினைவுச் சுவர் ஒன்று நிற்கிறது. சிங்களத் தாயும் படத்தையே பற்றினாள். தமிழ்த் தாயும் படத்தையே பற்றினாள். பற்றிக்கொள்ளப் படமும் இல்லாத தாயின் நிலையை எண்ணுங்கள்.

செய்ய வேண்டியவை சில. கைவசமுள்ள பழைய படத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டும் வழக்கம் புத்தளத்திலும் பரவியிருக்கிறது. அதை உடனே நிறுத்துங்கள். ஒட்டியதைப் பிரிக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரத்தால் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடேயே பிரதி எடுக்கலாம். பசையுள்ள தாள்களும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் திரையும் கொண்ட அல்பங்கள் படத்தைத் தின்பவை. உப்புக் காற்று வீசும் ஊரிலே சுவரைவிட உலர்ந்த பெட்டி நல்லது. 1970 களிலும் 80 களிலும் எடுத்த வர்ணப் படங்களே முதலில் மங்கும். கறுப்பு வெள்ளை பொறுக்கும், வர்ணம் பொறுக்காது. ஆதலால் பிரதியெடுப்பதை வர்ணப் படத்தில் தொடங்குங்கள். படத்தின் பின்புறத்தில், பேனாவால் அன்றி, மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொன்னது. முதியவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலைகளும் மாதம் ஒருநாள் இதற்கென ஒதுக்கினால், ஓராண்டில் பாலாவி முதல் கற்பிட்டி வரை ஒரு சுற்று முடிந்துவிடும்.

இனி அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை. இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம். 1972 முதல் 1990 வரை வடக்கிலே அடையாள அட்டை பெற்ற ஒவ்வொரு முஸ்லிம் ஆணும் பெண்ணும், தம் படத்தைக் கொடுத்தே விண்ணப்பித்தனர். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படமும் அதுதான். வீட்டிலிருந்த படம் போய்விட்டது. அட்டையும் பலரிடம் போய்விட்டது. ஆட்பதிவுத் திணைக்களத்துக்குக் கொடுத்த படம் எங்கே? அந்த விண்ணப்பக் கோப்புகள் இருக்குமாயின், இறந்துபோன தாய் தந்தையரின் படத்துக்கு அவர்தம் பிள்ளைகள் பிரதி கேட்டால், கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். அழிக்கப்பட்டிருந்தால், எப்போது, யார் கட்டளையால் அழிக்கப்பட்டன என்று சொல்ல வேண்டும். நம்மைச் சோதிக்க வைத்திருந்த முகத்தை, நமக்குத் திருப்பித் தரவேண்டும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி தருகிறது. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலைநாளுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று அவர் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும். தனியார் விவரம் என்ற விதிவிலக்கைக் காட்டி மறுத்தால், அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மறைந்தவரின் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, அன்றைய கிராம சேவையாளர் பிரிவு, தெரிந்தால் அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உறவைக் காட்டும் பிறப்புச் சான்றின் பிரதியையும் இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாய் வையுங்கள். முதலாவது விண்ணப்பம் பாலாவித் தபாலகத்திலிருந்து போகட்டும்.